இருபது பிக்சல் உயரத்தில் தமிழ்

மென்பொருள் ஒன்றின் மூலநிரல், அதாவது நிரலாளர்கள் எழுதிய வடிவிலேயே உள்ள கட்டளைத் தொகுப்பு, எவரும் படித்துப் பயன்படுத்தவும் திருத்தவும் ஏற்ற வகையில் இணையத்தில் வைக்கப்படும்போது, அதனுடன் 'ரீட்மீ' எனப்படும் அறிமுக ஆவணம் ஒன்றும் வைக்கப்படுவது வழக்கம். கிட்ஹப் போன்ற நிரற் களஞ்சியங்களில் ஒரு திட்டத்தின் பக்கத்தைத் திறப்பவர் முதலில் படிப்பது இந்த ஆவணத்தையே. அதன் தலைப்புக்குக் கீழே, இடப்பாதி சாம்பல் நிறத்திலும் வலப்பாதி பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்திலும் அமைந்த சிறிய செவ்வகங்கள் சில வரிசையாக நிற்பதைப் பல திட்டங்களில் காணலாம். இவையே நிலைச் சின்னங்கள். இடப்பாதி எதைப் பற்றிய தகவல் என்பதைக் கூற, வலப்பாதி அதன் இப்போதைய நிலையைக் கூறுகிறது: அண்மையில் செய்த மாற்றத்துக்குப் பின்னும் மென்பொருள் பிழையின்றிக் கட்டமைகிறதா, தானியங்கிச் சோதனைகளில் அது சித்தியடைந்ததா, நிரலின் எத்தனை சதவீதம் சோதனைக்கு உட்பட்டுள்ளது, வெளியான கடைசிப் பதிப்பு எது, எந்த உரிமத்தின் கீழ் அதனைப் பயன்படுத்தலாம் என்பன போன்ற செய்திகள் இரண்டு மூன்று சொற்களில் அடங்கிவிடுகின்றன.

மட்டக்களப்பு வாவியின் வடபுறத்தே, ஏறாவூரை அடுத்துள்ள செங்கலடிக்கும் இத்தகைய சின்னங்களுக்கும் தொடர்பு உண்டு. செங்கலடியின் அருகே வந்தாறுமூலையில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், 1981 ஆகஸ்ட் 1 அன்று பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று அங்கே கணினி பயிலும் மாணவர் ஒருவருக்கு, உலகின் ஏனைய இடங்களில் பயில்பவரைப் போலவே, தம் செயற்றிட்டத்தைப் பொதுக் களஞ்சியத்தில் வைப்பதும் அதன் ரீட்மீயை எழுதுவதும் பாடத்தோடு சேர்ந்த பழக்கங்களாகிவிட்டன. அந்த ஆவணத்தைத் தமிழில் எழுத முற்படும் மாணவர், பத்திகளை எளிதில் தமிழாக்கிவிடலாம்; தலைப்புக்குக் கீழுள்ள சின்னங்களைத் தமிழாக்க முனையும்போதுதான் இடர்ப்படுவார். இந்த இடர்ப்பாட்டின் காரணம் மொழிபெயர்ப்பில் இல்லை. சின்னம் வரையப்படும் முறையிலேயே அது அமைந்திருக்கிறது.

பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, மகாஓயா வழியாகச் செங்கலடியில் வந்து முடியும் ஏ5 நெடுஞ்சாலையின் திசைகாட்டிப் பலகைகளை இங்கே எண்ணிப் பார்ப்பது பொருந்தும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று வரிவடிவங்களும் ஒரே பலகையில் இடம்பெற வேண்டியிருப்பதால், அதனை வடிவமைப்பவர் ஒவ்வொரு மொழியிலும் ஊர்ப்பெயர் எவ்வளவு நீளும் என்பதைக் கணித்த பின்னரே பலகையின் அளவை முடிவு செய்கிறார். நிலைச் சின்னத்தை உருவாக்கியவர்கள் ஒரே வரிவடிவத்தை மனத்திற்கொண்டு, ஒரே எழுத்துருவின் அளவுகளை வைத்து அதனை அமைத்தார்கள். ஆகவே அதைத் தமிழுக்கு ஏற்ப மாற்றியமைப்பதென்பது பெயின்ற் மாற்றும் வேலையன்று. பலகையையே மறுபடி அளக்கும் வேலை.

இச்சின்னங்களின் வரலாறு நீண்டதன்று. நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் கட்டமைத்துச் சோதிக்கும் முறை தொடர் ஒருங்கிணைப்பு எனப்படுகிறது. அம்முறையைத் திறந்த மூலத் திட்டங்களுக்கு இலவசமாக வழங்கி 2011 முதல் புகழ்பெற்ற டிராவிஸ் என்னும் சேவை, சோதனையின் முடிவைக் காட்டும் சிறு படம் ஒன்றையும் சேர்த்து வழங்கியது. வேறு சேவைகளும் தத்தம் படங்களை வழங்கத் தொடங்கியபோது, உயரம், நிறம், எழுத்து ஆகியவற்றில் ஒன்றோடொன்று பொருந்தாத படங்கள் ஆவணங்களின் தலைப்பில் குவிந்தன. அவற்றுட் பல, பெரிதாக்கினால் மங்கிப்போகும் புள்ளிப் படங்களாகவும் இருந்தன. இந்தச் சீரின்மையைக் கண்ட ஒலிவியே லாகான் என்னும் நிரலாளர், எல்லாச் சேவைகளும் பின்பற்றக்கூடிய ஒரே வடிவத்தை எஸ்விஜி என்னும் திசையன் பட முறையில் முன்மொழிந்தார். திசையன் படம் என்பது புள்ளிகளின் தொகுப்பாக அல்லாமல், கோடுகளையும் வளைவுகளையும் எழுத்துகளையும் பற்றிய விவரணையாகச் சேமிக்கப்படுவது. எவ்வளவு பெரிதாக்கினாலும் அது மங்குவதில்லை. அந்த முயற்சி 2013 முதல் ஷீல்ட்ஸ் என்னும் திறந்த மூலத் திட்டமாக வளர்ந்து, இன்று மாதந்தோறும் நூறு கோடிக்கும் மேற்பட்ட சின்னங்களை உலகெங்கும் வழங்கிவருகிறது. தன்னார்வலர்களால் நடத்தப்படும் ஒரு சேவை இந்த அளவுக்கு வளர்ந்திருப்பது போற்றத்தக்கது.

ஷீல்ட்ஸின் எளிமை அதன் இணைய முகவரி அமைப்பில் உள்ளது. சேவையின் முகவரிக்குப் பின்னே இடப்பாதிக்குரிய சொல், வலப்பாதிக்குரிய சொல், நிறம் ஆகிய மூன்றையும் சிறுகோடுகளால் பிரித்து எழுதினால் போதும். சேவையை நடத்தும் கணினியான வழங்கி அந்த முகவரியைப் படித்து, படத்தை வரைந்து அனுப்பிவிடும். சொற்களுக்கிடையே இடைவெளி வேண்டுமெனில் அடிக்கோடு இட வேண்டும். சிறுகோடே சொல்லின் பகுதியாக வேண்டுமெனில் அதனை இரட்டித்து எழுத வேண்டும். இதற்கு மேல், முகவரியின் இறுதியில் கேள்விக்குறியிட்டுச் சில விருப்பங்களையும் சேர்க்கலாம். வடிவ விருப்பத்தில் தட்டையான வளைமுனை வடிவம், கூர்முனை வடிவம், பழைய பளபளப்பு வடிவம், பெரிய எழுத்து வடிவம், சமூக ஊடகப் பொத்தான் வடிவம் ஆகியன உண்டு. இடப்பாதியின் சொல்லை மாற்றலாம், அதன் நிறத்தை மாற்றலாம், நிறுவனங்களின் இலச்சினைகளைத் திரட்டி வைத்துள்ள சிம்பிள் ஐக்கன்ஸ் என்னும் தொகுப்பிலிருந்து ஓர் இலச்சினையை இடப்பாதியின் தொடக்கத்தில் வைக்கலாம். இத்தனையும் நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடியவை; ஆவணத்தின் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

எளிமையே அழகுபடுத்தும் ஆசையையும் தூண்டியது. 2020 ஜூலையில் கிட்ஹப் ஒவ்வொரு பயனரும் தம் சுயவிவரப் பக்கத்திலேயே ஒரு ரீட்மீயை வைக்க இடமளித்த பின்னர், தாம் அறிந்த நிரல்மொழிகளையும் கருவிகளையும் இலச்சினையோடு கூடிய பெரிய சின்னங்களாக வரிசை வரிசையாக அடுக்குவது மாணவரிடையே பெருவழக்காயிற்று. இவை நிலைச் சின்னத்தின் உருவத்தைக் கொண்டிருந்தாலும் எந்த நிலையையும் தெரிவிப்பதில்லை. முகவரியில் எழுதிய சொல்லையே திருப்பிக் காட்டுகின்றன. அலங்காரம் என்ற அளவில் இதிற் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் சோதனையே இல்லாத ஒரு திட்டத்தின் தலைப்பில் 'சோதனை: சித்தி' என்று எழுதிய நிலையான பச்சைச் சின்னம் ஒன்றை வைப்பது அலங்காரமாகாது, அது பொய்ச் சான்று. படிப்பவர் பச்சையை நம்பி மென்பொருளைத் தம் பணியில் சேர்த்துக்கொள்ளக்கூடும் என்பதால், இந்த எல்லையை மாணவப் பருவத்திலேயே உணர்வது தேவை.

இவ்வேறுபாட்டை ஆய்வாளர்களும் அளந்து பார்த்துள்ளனர். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மில் உள்ள ஏறத்தாழ 2,95,000 மென்பொருட் பொதிகளை ஆராய்ந்து, 2018இல் நடந்த பன்னாட்டு மென்பொருட் பொறியியல் மாநாட்டில் முடிவுகளை வெளியிட்டது. ஒரு திட்டம் சூட்டிக்கொள்ளும் சின்னம் அதன் உள்ளார்ந்த தரத்துக்கு நம்பத்தக்க அறிகுறியா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. பின்னணியில் உண்மையாகவே ஏதேனும் பரிசோதனை நடந்து அதன் முடிவைத் தெரிவிக்கும் சின்னங்கள், வெறும் செய்தியைத் தாங்கிய நிலையான சின்னங்களைவிட நம்பத்தக்க அறிகுறிகளாக இருந்தன என்பது அவர்களின் முக்கியமான கண்டுபிடிப்பு. நிறத்தையும் சொல்லையும் வடிவத்தையும் விரும்பியவாறு மாற்றலாம். வலப்பாதியின் நிலை மட்டும் அதன் மூலத்திலிருந்தே வர வேண்டும் என்னும் கோட்பாட்டுக்கு இந்த ஆய்வு வலுச் சேர்க்கிறது.

இலங்கையில் உருவான பலரீனா என்னும் நிரல்மொழியின் களஞ்சியங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சஞ்சீவ வீரவரண முதலானோர் 2005இல் நிறுவிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் இம்மொழியை 2017இல் அறிமுகப்படுத்தியது. 2019 செப்டெம்பரில் அதன் முதல் முழுப்பதிப்பு வெளியாயிற்று. அதன் நூலகத் தொகுதிகள் ஒவ்வொன்றின் ரீட்மீயிலும் கட்டமைப்பு நிலை, சோதனையின் பரப்பு, பாதுகாப்புக் குறைபாடுகளைத் தேடும் பரிசோதனை, கடைசியாக நிரல் மாற்றப்பட்ட காலம், தீர்க்கப்படாத சிக்கல்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தெரிவிக்கும் சின்னங்கள் ஒரே ஒழுங்கில் அமைந்துள்ளன. சிக்கல்களின் எண்ணிக்கையைக் காட்டும் சின்னத்தில், அந்தத் தொகுதிக்குரிய சிக்கல்களை மட்டும் எண்ணும்படி முகவரி அமைக்கப்பட்டிருப்பதோடு, இடப்பாதியின் சொல்லும் விருப்பம்போல் மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. அழகுபடுத்தலும் உண்மையும் ஒன்றுக்கொன்று பகையாகாமல் அமையும் விதம் இதுவே. பல தொகுதிகளைக் கொண்ட திட்டத்தில் ஒழுங்கு மாறாத ஒரே வரிசை, எந்தத் தொகுதியைத் திறந்தாலும் கண் எங்கே செல்ல வேண்டும் என்பதைப் பழக்கிவிடுகிறது. எல்லாம் ஆங்கிலத்திலேயே உள்ளன; உலக நிரலாளர்களுக்கான திட்டத்தில் அது இயல்பு.

தமிழில் ஆவணம் எழுதும் திட்டங்கள் வேறு வகையின. தமிழ் எழுத்துப்பிழை திருத்தி, பள்ளி மாணவருக்கான கணிதச் செயலி, நெற்செய்கையாளருக்கான மழைத்தரவுக் கருவி போன்றவற்றின் அறிமுக ஆவணத்தைப் படிப்பவருள் ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் அலுவலர்களும் இருப்பர். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைப் படிப்போர், ஒரு கட்டுரை குறுங்கட்டுரையா, மேற்கோள் போதாததா என்று தமிழிலேயே கூறும் அறிவிப்புகளை நெடுங்காலமாகக் கண்டு பழகியவர்கள். ஒரு பக்கத்தின் நிலையை அப்பக்கத்தின் மொழியிலேயே அறிவிக்கும் வழக்கம் தமிழ் இணையத்தில் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. மென்பொருள் ஆவணம் மட்டும் அதற்கு விலக்காக இருக்கத் தேவையில்லை.

இனி, சின்னம் வரையப்படும் முறையை உற்று நோக்கலாம். வழக்கமான நிலைச் சின்னத்தின் உயரம் 20 பிக்சல். அதிலுள்ள எழுத்து 11 பிக்சல் அளவிலான வெர்டானா எழுத்துருவில் அமைகிறது. செவ்வகத்தின் அகலம் எழுத்துகளின் அகலத்தைப் பொறுத்ததாதலால், வழங்கி படத்தை அனுப்புவதற்கு முன்பே சொல்லின் அகலத்தைக் கணக்கிட்டாக வேண்டும். படிப்பவரின் திரையில் அந்தச் சொல் எப்படித் தோன்றும் என்பதை வழங்கி காண முடியாது. ஆகையால் வெர்டானாவின் ஒவ்வொரு குறியும் எவ்வளவு அகலம் என்று முன்னரே அளந்து வைத்த அட்டவணையைக் கொண்டு, குறிகளின் அகலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிச் சொல்லின் மொத்த அகலத்தைப் பெறுகிறது. ஆங்கில எழுத்துகளுக்கு இந்தக் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே அமையும்.

தமிழுக்கு இக்கணக்கு மூன்று இடங்களில் தவறுகிறது. முதலாவது, வெர்டானாவில் தமிழ் எழுத்துகளே இல்லை. உலாவி அவற்றை வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்துக் காட்டும். அது விண்டோஸ் கணினியில் லதாவாகவோ நிர்மலாவாகவோ, ஆண்ட்ராய்டு கைபேசியில் நோட்டோ சான்ஸ் தமிழாகவோ, ஆப்பிள் கருவியில் தமிழ்ச் சங்கம் எழுத்துருவாகவோ இருக்கலாம். இவற்றின் அகலங்கள் ஒன்றுக்கொன்று வேறானவை. இரண்டாவது, கணினி சேமிக்கும் குறிகளும் தமிழர் எண்ணும் எழுத்துகளும் ஒன்றல்ல. 'செங்கலடி' என்ற பெயரில் செ, ங், க, ல, டி என ஐந்து எழுத்துகள் உள்ளன; யுனிகோட் முறையிலோ ச, எகரக் குறி, ங, புள்ளி, க, ல, ட, இகரக் குறி என எட்டுக் குறிகள் சேமிக்கப்படுகின்றன. இவற்றுள் புள்ளி தனக்கென அகலம் எதையும் எடுத்துக்கொள்வதில்லை; இகரக் குறி தான் ஏறி நிற்கும் மெய்யோடு இணைந்து புதிய உருவம் பெறுகிறது; எகரக் குறி சேமிப்பில் மெய்க்குப் பின்னே இருந்தாலும் காட்சியில் அதற்கு முன்னே வந்து நிற்கிறது. எட்டுக் குறிகளுக்கும் தனித்தனி அகலம் கொடுத்துக் கூட்டும் அட்டவணை, இத்தகைய எழுத்துமுறையின் அகலத்தைச் சரியாகச் சொல்ல இயலாது.

மூன்றாவது தவறு முதலிரண்டையும் கண்ணுக்குப் புலப்படுத்துவது. செவ்வகத்திலிருந்து எழுத்து வெளியே வழியாமல் இருக்க, இச்சொல் இத்தனை அகலத்துக்குள் நிற்க வேண்டும் என்னும் கட்டளையையும் வழங்கி படத்துக்குள் எழுதி அனுப்புகிறது. உலாவி அக்கட்டளைக்குப் பணிந்து, சொல்லின் இயல்பான அகலம் குறைவாக இருந்தால் எழுத்துகளுக்கிடையே இடைவெளியைப் பரப்பும். மிகுதியாக இருந்தால் எழுத்துகளை நெருக்கும். ஆங்கிலச் சொல்லில் இந்தத் திருத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவினது. தமிழ்ச் சொல்லிலோ கணக்கிட்ட அகலத்துக்கும் உண்மை அகலத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிதாக இருப்பதால், எழுத்துகள் ஒன்றையொன்று பிரிந்து நின்று, சொல்லின் உருவமே குலைந்துவிடக்கூடும். இதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. இணைய முகவரியில் தமிழ் எழுத்துகள் அவ்வாறே செல்வதில்லை. ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகவும், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு இரண்டு இலக்கங்களாகவும் மாறிச் செல்கிறது. ஐந்தெழுத்துச் 'செங்கலடி' அவ்வாறு மாறும்போது 72 குறிகள் நீளும். ஆவணத்தின் மூலவடிவில் இந்த வரியைப் பார்க்கும் ஒருவர் அதனைப் படித்துத் திருத்துவதென்பது இயலாத காரியம். திருத்த முடியாத வரி பராமரிப்பாரற்றுக் கிடக்கும்.

உயரமும் கவனத்துக்குரியது. 11 பிக்சல் அளவில் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் தெளிவாக இருப்பதற்குக் காரணம், அவற்றுட் பல ஒரே மட்டத்தில் நிற்பதுதான். தமிழில் கி, கீ ஆகியவை மேலே வளைகின்றன. பு, கூ, ளு ஆகியவை கீழே இறங்குகின்றன. ண, னை போன்றவற்றின் சுழிகள் இடவசதி இல்லாவிட்டால் ஒன்றோடொன்று கலந்து கரும்புள்ளியாகிவிடும். ஆகவே தமிழ்ச் சின்னத்துக்கு 20 பிக்சல் உயரம் போதாது. ஷீல்ட்ஸின் பெரிய வடிவம் 28 பிக்சல் உயரமுடையது. அதனை அளவாகக் கொண்டு, உள்ளே 13 அல்லது 14 பிக்சல் எழுத்தை வைத்தால் சுழிகள் பிரிந்து தெரியும். ஆங்கிலச் சின்னங்களோடு ஒரே வரிசையில் வைப்பதற்காகத் தமிழைச் சுருக்குவதைவிட, வரிசை முழுவதையும் 28 பிக்சலுக்கு உயர்த்துவதே முறையானது.

இத்தடைகளைக் கடக்கும் வழிகளுள் மிக உறுதியானது, தமிழ்ச் சொல்லை எழுத்தாக அனுப்பாமல் வடிவமாக அனுப்புவது. இன்க்ஸ்கேப் என்னும் இலவச வரைகலை மென்பொருளில் சின்னத்தை வரைந்து, தமிழ்ச் சொல்லை விரும்பிய எழுத்துருவில் எழுதி, அதனைக் கோட்டுருவாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தால், எழுத்துகள் வெறும் வளைகோடுகளாகிவிடும். அதன் பின்னர் படிப்பவரின் கருவியில் எந்த எழுத்துரு இருக்கிறது என்பது பொருட்டன்று. எங்கும் ஒரே உருவமே தோன்றும். எழுத்துருவைப் படத்தோடு வெளியிலிருந்து வரவழைக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் ஆவணத்தில் படமாகச் செருகப்பட்ட எஸ்விஜி கோப்பு வெளியிலிருந்து எதையும் தருவித்துக்கொள்ள உலாவிகள் பாதுகாப்புக் கருதி இடமளிப்பதில்லை. ஆகையால் கோட்டுருவே உறுதியான வழி. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர் முதலிய எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைப்பதால் இவ்வாறு பயன்படுத்துவதற்குத் தடை ஏதுமில்லை.

கோட்டுருவாக்கிய சொல்லை மாற்ற முடியாது என்பது இவ்வழியின் குறை போலத் தோன்றினும், நிலைச் சின்னத்தின் இயல்பே அக்குறையைத் தீர்த்துவிடுகிறது. சோதனையின் நிலை சித்தி, தவறியது, தெரியவில்லை என்னும் மூன்றுள் ஒன்றாகவே இருக்கும். ஆகவே மூன்று கோப்புகளை முன்கூட்டியே வரைந்து களஞ்சியத்தில் வைத்துவிடலாம். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போன்ற தானியங்கி ஏற்பாடு, முடிவுக்குரிய கோப்பை எடுத்து ஆவணம் சுட்டும் இடத்தில் வைக்கும். எண்ணைக் காட்டும் சின்னமாயின் இரண்டையும் கலந்து செய்யலாம்: இடப்பாதியில் 'தமிழாக்கம்' என்னும் சொல் கோட்டுருவாகவும், வலப்பாதியில் சதவீதம் எழுத்தாகவும் இருக்கட்டும். வெர்டானாவின் இலக்கங்கள் எல்லாம் ஒரே அகலமுடையவை. 11 பிக்சல் அளவில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 பிக்சல். எனவே எண் மாறினாலும் அகலக் கணக்கு பிழைக்காது.

மொழிபெயர்ப்பின் நிலையைக் காட்டும் சின்னத்துக்கு ஆயத்தமான ஏற்பாடும் உண்டு. 2012இல் தொடங்கிய வெப்லேட் என்னும் திறந்த மூல மொழிபெயர்ப்புத் தளம், ஒரு மென்பொருளின் சொற்றொடர்களில் எத்தனை சதவீதம் குறித்த மொழியில் பெயர்க்கப்பட்டுள்ளது என்பதைச் சின்னமாகத் தருகிறது. லிப்ரேஆபீஸ் அலுவலகத் தொகுப்பின் மொழிபெயர்ப்பும் இத்தளத்தைக் கொண்டே நடைபெறுகிறது. வெப்லேட் தன் படங்களை வரைவதற்குப் பாங்கோ என்னும் எழுத்தமைப்பு நூலகத்தைப் பயன்படுத்துகிறது. இந்நூலகம் ஒவ்வொரு குறியையும் தனித்து அளக்காமல், குறிகள் சேர்ந்து உருவாகும் எழுத்தின் வடிவத்தை முழுமையாக அமைத்த பின்னரே அகலத்தைக் கணக்கிடுகிறது. இந்திய, இலங்கை மொழிகளின் வரிவடிவங்களுக்கு வேண்டிய ஒழுங்கு இதுவே.

நிரல் எழுதக்கூடிய மாணவர் இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். எழில் மொழி அறக்கட்டளையின் வழியாக முத்து அண்ணாமலையும் மற்ற தன்னார்வலர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நூலகம், தமிழ்ச் சொல்லை யுனிகோட் குறிகளாக அல்லாமல் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் வசதியைக் கொண்டது. 'செங்கலடி'யைக் கொடுத்தால் அது ஐந்தையே திருப்பித் தரும். இதனோடு ஒரு குறித்த எழுத்துருவில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் எவ்வளவு அகலம் என்னும் அட்டவணையைச் சேர்த்துவிட்டால், தமிழுக்கென்றே சின்னம் வரையும் சிறு சேவை ஒன்றை அமைக்கத் தேவையான அடித்தளம் கிடைத்துவிடும். தமிழ் எழுத்துகள் 247 என்பதும், கிரந்த எழுத்துகளைச் சேர்த்தாலும் அட்டவணை சில நூறு வரிகளுக்குள் முடிந்துவிடும் என்பதும் இப்பணியை ஓர் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தின் அளவுக்குள் கொண்டுவருகின்றன. வந்தாறுமூலையில் இருந்து அத்தகைய சேவை ஒன்று வெளிவருமானால், அதன் பயன் தமிழில் ஆவணம் எழுதும் எல்லாத் திட்டங்களுக்கும் உரியதாகும்.

நிறத்தைப் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் யோசனையின்றி எடுக்கப்படுகின்றன. சித்திக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு என்பது வழக்கமாயினும், இவ்விரு நிறங்களையும் வேறுபடுத்தி அறிய இயலாத பார்வைக் குறைபாடு ஆண்களிடையே அரிதன்று. ஆகவே நிறம் கூறுவதைச் சொல்லும் கூற வேண்டும்; வெறும் நிறத்தை மட்டும் நம்பிய சின்னம் ஒரு பகுதியினருக்கு எதையும் சொல்வதில்லை. ஷீல்ட்ஸின் இயல்பான ஒளிர்பச்சையின் மேல் வெள்ளை எழுத்து வைக்கப்படும்போது இரண்டுக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு ஏறத்தாழ 2.1க்கு 1 என்ற அளவே. இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டிகள் சிறிய எழுத்துக்கு எதிர்பார்ப்பது 4.5க்கு 1. எழுத்தின் கீழே மெல்லிய நிழலிட்டு ஷீல்ட்ஸ் இக்குறையைத் தணிக்கிறது. தமிழின் நுண்சுழிகளுக்கு நிழல் உதவாது, சுழியின் உள்வெளியை அது மேலும் அடைத்துவிடும். எனவே நிழலை நீக்கி, பச்சையைக் கரும்பச்சையாக்குவதே நல்லது.

சின்னத்தை வைத்துவிட்டு மறந்துபோவது எல்லா மொழிகளிலும் நடப்பது. டிராவிஸின் பழைய இலவசத் தளம் 2021 ஜூன் 15 அன்று மூடப்பட்டபோது, அதனைச் சுட்டிய எண்ணற்ற ஆவணங்களின் சின்னங்கள் ஒரே நாளில் பொருளற்றுப் போயின. 2022இன் இறுதியில் ஷீல்ட்ஸ் தன் முகவரி அமைப்பு ஒன்றை மாற்றியபோது, பழைய முகவரியைப் பயன்படுத்திய சின்னங்கள் நிலையைக் காட்டுவதற்குப் பதிலாக, மாற்றத்தை விளக்கும் பக்கத்தின் முகவரியையே காட்டி நின்றன. அவ்வாறே மாதக்கணக்கில் திருத்தப்படாமல் இருந்த ஆவணங்களும் உண்டு. படத்தைத் தன் களஞ்சியத்திலேயே வைத்திருக்கும் திட்டத்துக்கு இந்த ஆபத்துக் குறைவு. வெளிச்சேவையின் படம் படிப்பவரை அடையும் வழியில் தற்காலிகமாகச் சேமிக்கப்படுவதால், நிலை மாறிய பின்னும் சற்று நேரம் பழைய சின்னமே தெரியக்கூடும் என்பதையும் ஆவணம் எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சின்னமும் தனியாகத் தருவிக்கப்படும் ஒரு கோப்பு என்பதால், கைபேசித் தரவில் படிப்பவரை முன்னிட்டு, வரிசையை நான்கு ஐந்துக்குள் நிறுத்திக்கொள்வது நலம்.

கோட்டுருவாக மாறிய சொல்லைக் கண் படிக்கும், கணினி படிக்காது. தேடுபொறிக்கும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அது வெறும் வளைகோடு. ஆகையால் எஸ்விஜி கோப்பின் தலைப்புப் பகுதியிலும், ஆவணத்தில் படத்தைச் செருகும் வரியின் மாற்றுரைப் பகுதியிலும் சின்னத்தின் செய்தியைத் தமிழில் முழுமையாக எழுத வேண்டும். மாற்றுரையில் 'சின்னம்' என்று மட்டும் எழுதுவது பயனற்றது. மூன்று கோப்புகளுள் எது வரும் என்பது முன்கூட்டித் தெரியாதாகையால், ஆவணத்தின் மாற்றுரையில் 'இத்திட்டத்தின் அண்மைச் சோதனை நிலை' என்று பொதுவாகவும், ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் அதற்குரிய முடிவைத் தனியாகவும் எழுதி, படத்தையே முழு முடிவும் எழுத்தில் உள்ள சோதனைப் பக்கத்துக்கு இணைப்பாக்கிவிடலாம். என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானோடு வரும் ஈஸ்பீக் பேச்சுக் கருவிக்குத் தமிழ் தெரியும். மாற்றுரை தமிழில் இருந்தால் அதனைத் தமிழிலேயே வாசித்துவிடும்.